சிகரெட்டுக்குச் சலுகை, கஞ்சாவுக்குச் சாபம்

நம் வீடுகளில் இரண்டு சொற்கள் இரண்டு விதமான குரலில் உச்சரிக்கப்படுகின்றன. ஒன்று சிகரெட், மற்றொன்று கஞ்சா. முதற்சொல்லைச் சொல்லும்போது பெற்றோரின் குரலில் சிறு சலிப்பு மட்டுமே இருக்கிறது. "வாலிப வயது, கூட்டாளிகளோடு சேர்ந்து பழகிவிட்டான், குடும்பப் பொறுப்பு வந்தால் தானே விட்டுவிடுவான்" என்று அந்தச் சலிப்பும் சற்று நேரத்தில் சமாதானமாகிவிடுகிறது. இரண்டாவது சொல்லுக்கோ குரல் தாழ்கிறது; கதவு சாத்தப்படுகிறது; "அந்த அசிங்கமெல்லாம் நம் பிள்ளைகளிடம் கிடையாது" என்ற ஒரே வரியில் பேச்சு முடிக்கப்படுகிறது.

இவ்விரு குரல்களுமே நம் பிள்ளைகளைக் காட்டிக் கொடுக்கின்றன என்பதைத்தான் நாம் இங்கே சொல்ல வந்தோம். சிகரெட்டுக்குக் காட்டும் சலுகையும் தவறு. கஞ்சாவுக்குச் சாபமிட்டு வாய் மூடுவதும் தவறு. ஏனெனில், சென்னையின் மேற்குப் புறநகர்களாகிய அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் இன்று ஒரு வாலிபனின் விரலிடுக்கில் இருப்பது பெரும்பாலும் இவற்றுள் ஒன்றன்று. இரண்டும் கலந்த ஒன்று. தாய் தந்தையர் இரண்டு என்று எண்ணி ஒன்றை மன்னித்து மற்றொன்றை மறுத்துக்கொண்டிருக்கையில், பிள்ளை இரண்டையும் ஒரே தாளில் சுருட்டிவிட்டான்.

கசப்பான செய்திதான். ஆனால் கசப்பென்று துப்பிவிட்டால் நோய் போய்விடுமா? சமுதாயப் பெரியோர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

ஒரே தாளில் இரண்டு

கஞ்சாவைத் தனியே புகைப்பவர் நம் பக்கத்தில் குறைவு. சிலும்பியில் வைத்து இழுத்த பழைய தலைமுறையினரே புகையிலையைச் சேர்த்துக்கொண்டனர். இன்றைய வாலிபனிடம் சிலும்பி இல்லை, சிகரெட் இருக்கிறது. அந்தச் சிகரெட்டின் புகையிலையோடு கஞ்சாத் தூளைக் கலந்துதான் அவன் புகைக்கிறான். காரணம் எளிது. கஞ்சா விலை கூடியது. புகையிலை சேர்ந்தால் ஒரு பொட்டலம் பல பேருக்குக் காணும். புகையிலை சேர்ந்தால் அணையாமல் எரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் சிகரெட்டாகவே தெரியும். சிகரெட்டுக்கு நாம் வழங்கியிருக்கும் சலுகைதான் அந்தக் கஞ்சாவுக்குப் போர்வை!

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகையை நெஞ்சுக்குள் இழுத்து அடக்குவது மனிதனுக்கு இயல்பான செயலன்று. முதல் தடவை இழுப்பவன் இருமுகிறான், கண் கலங்குகிறான், குமட்டுகிறான். உடல் தன் முழு வலிமையோடும் அதை எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பை அடக்கப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைத் தருவது எது? தெருமுனைப் பெட்டிக்கடையில் சில்லறையாக விற்கும் ஒற்றைச் சிகரெட். முழுப் பெட்டி வாங்கப் பள்ளிப் பையனிடம் பணம் இராது. ஒன்று வாங்க இருக்கும். பத்தாம் வகுப்பில் அந்த ஒன்றை வாங்கியவன் கல்லூரிக்கோ தொழிற்சாலைக்கோ போகும்போது பயிற்சி முடித்தவனாகப் போகிறான். அங்கே எவனோ ஒருவன் நீட்டுவதை வாங்கி இழுக்க அவனுக்குப் புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை.

இந்திய நாட்டில் பெரியவர்களிடையே 2016-17இல் எடுக்கப்பட்ட உலகப் புகையிலைக் கணக்கெடுப்பு, புகையிலையைத் தொடங்கும் சராசரி வயது 18.9 என்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களுள் ஐவரில் ஒருவர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார் என்றும் அதே கணக்கு காட்டியது. மறுபுறம், டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை மருத்துவ மையம் மத்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியரில் 3 கோடிக்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குள் கஞ்சா, பாங்கு, சரஸ் போன்ற ஏதேனும் ஒன்றைத் தொட்டிருந்தனர். அவருள் ஏறத்தாழ 72 லட்சம் பேருக்கு மருத்துவ உதவி தேவை என்றும் அது கூறிற்று. இந்த 72 லட்சம் பேரும் எங்கோ காட்டில் வாழ்பவர்கள் அல்லர். ஒவ்வொருவருக்கும் ஒரு தாய் இருக்கிறாள். "என் பிள்ளை அப்படியில்லை" என்று அவளும் ஒருநாள் சொல்லியிருப்பாள்.

கலவையின் கேடு

கஞ்சாவின் மயக்கம் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். புகையிலையின் நிகோட்டின் அப்படியன்று. இழுத்த சில நொடிகளில் மூளையை எட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் மீண்டும் வேண்டும் என்று கேட்கத் தொடங்கும். இரண்டையும் கலந்து புகைப்பவனுக்கு, தன்னை வாட்டுவது எதன் தாகம் என்றே தெரிவதில்லை. நிகோட்டின் கேட்கிறது, அவன் கஞ்சா கேட்பதாக நினைக்கிறான். கஞ்சா கிடைக்காத நாளில் சிகரெட்டைக் கூட்டிக்கொள்கிறான். கஞ்சாவை விட எண்ணிய நாளிலும் சிகரெட் அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. அதே கை, அதே உதடு, அதே தீக்குச்சி, அதே கூட்டாளிகள். "கஞ்சாவை மட்டும் விடுகிறேன், சிகரெட் இருக்கட்டும்" என்பவன் வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திருடன் வரக்கூடாது என்று துஆச் செய்பவனை ஒப்பான்.

நெஞ்சுக்கு நேரும் கேடும் இரட்டிக்கிறது. கஞ்சாப் புகையை ஆழ இழுத்து நெடுநேரம் அடக்கி வைப்பதால் நேர்வதை அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து 1988இல் வெளியிட்டார்கள். ஒரு சிகரெட் புகைப்பதோடு ஒப்பிட, ஒரு கஞ்சாச் சுருளைப் புகைப்பவரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறுவது ஏறத்தாழ 5 மடங்கு. உள்ளே செல்லும் தார் ஏறத்தாழ 3 மடங்கு. புகையிலையையும் கலந்து அதே முறையில் இழுப்பவன், சிகரெட்டையும் கஞ்சாவைப் போலவே ஆழ இழுத்து அடக்கப் பழகிவிடுகிறான்.

நெஞ்சைவிட அஞ்சத்தக்கது மனத்தின் கேடு. மனித மூளை 25 வயதை ஒட்டியே முழு வளர்ச்சி பெறுகிறது. சுவீடன் நாட்டில் கட்டாய இராணுவப் பணிக்கு வந்த 45,570 வாலிபர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1987இல் வெளிவந்தது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களிடையே மனச்சிதைவு நோய், புகைக்காதவர்களிடையே காணப்பட்டதைப்போல் 6 மடங்காக இருந்தது. புகைப்பவர் எல்லாருக்கும் அந்நோய் வரும் என்று நாம் சொல்லவில்லை; பெரும்பாலோருக்கு வராது. ஆனால் யாருக்கு வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. குடும்பத்தில் முன்பே மனநோய் கண்டவர் இருந்தால் அபாயம் இன்னும் கூடும். தன் பிள்ளையின் புத்தியைச் சீட்டுக் குலுக்கலில் வைக்க எந்தத் தகப்பன் சம்மதிப்பான்?

ஊரும் பழியும்

மேற்குப் புறநகர்களை நாம் தேர்ந்தெடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் எழுந்தது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள பூவிருந்தவல்லியைச் சுற்றித் திருமழிசைத் தொழிற்பேட்டையும் கல்லூரிகளும் பெருகின. வட ஆற்காட்டிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு இவ்வூர்கள் சோறு போட்டன. தொழிற்சாலையில் ஒருவர் நிரந்தரமானால் ஒரு குடும்பம் கரையேறியது.

இன்று அந்த நிரந்தரம் அருகிவிட்டது. ஒப்பந்த வேலை, இரவு ஷிப்டு, இன்று இந்தக் கம்பெனி, அடுத்த மாதம் வேறு கம்பெனி. பட்டயப் படிப்பு முடித்த வாலிபன் உணவுப் பொட்டலத்தை முதுகில் சுமந்து நள்ளிரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். தூக்கம் கெட்டவனுக்குத் தூக்கத்திற்கு ஒன்று, விழிப்பிற்கு ஒன்று தேவைப்படுகிறது. நாளை என்ன என்று தெரியாதவனுக்கு இன்றைய மாலையை மறக்க ஒன்று தேவைப்படுகிறது. இதை நியாயமென்று நாம் சொல்லவில்லை. காரணம் என்று சொல்கிறோம். காரணத்தை அறியாதவன் செய்யும் வைத்தியம் நோயாளியைக் கொல்லும்.

சரக்கு வரும் வழியும் யாவரும் அறிந்ததே. ஆந்திர - ஒடிசா எல்லையின் மலைக்காடுகளில் விளைகிறது. ரயிலிலும் லாரியிலும் தெற்கே வருகிறது. 2022 பிப்ரவரியில் ஆந்திரக் காவல்துறை அனகாபள்ளி அருகே ஒரே நாளில் தீயிட்டழித்த கஞ்சா 2 லட்சம் கிலோ. அது பிடிபட்ட அளவு! பிடிபடாதது எவ்வளவோ?

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2022 ஜனவரி 1 அன்று ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்டு தனிக் காவல் ஆணையரகமே தோன்றிற்று. அம்பத்தூரும் பூவிருந்தவல்லியும் அதற்குள் அடங்கின. 'கஞ்சா வேட்டை' என்ற பெயரில் 2021 டிசம்பரில் தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் பல சுற்றுகள் தேடுதல் நடைபெற்றது. 2022 ஆகஸ்ட் 11 அன்று மாநிலம் முழுவதும் மாணவர்கள் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தனர். வேட்டை நடக்கிறது, விற்பவன் சிறைக்குப் போகிறான், வேறொருவன் அவன் இடத்திற்கு வருகிறான். ஏன்? வாங்குபவன் அங்கேயே நிற்கிறானே! வாங்குபவனைக் காவல்துறை உண்டாக்கவில்லை. அவன் வீட்டில் பிறந்தான், பெட்டிக்கடையில் பயின்றான்.

இந்த இடத்தில் நம்மவர் சிலர் ஒரு பழியைக் கையில் எடுத்துக்கொள்கின்றனர். "வடநாட்டிலிருந்து வந்த கூலிகள் கெடுத்துவிட்டார்கள்" என்கின்றனர். நம்மைப்போலவே பிழைக்க வந்து, தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்துறங்கும் ஏழையின் தலையில் பழியைச் சுமத்துவது எவ்வளவு வசதியான காரியம்! ஏதேனும் ஒரு வழக்கில் முஸ்லிம் பெயர் ஒன்று செய்தித்தாளில் வந்துவிட்டால், "ஒருவன் செய்ததற்குச் சமுதாயம் முழுவதையும் பழிப்பதா?" என்று நாம் கொதிக்கிறோம். கொதிப்பது நியாயம். அந்த நியாயத்தைப் பீகாரிலிருந்து வந்த தொழிலாளிக்கும் வழங்க வேண்டாமா?

இரண்டு சாக்குகள்

வாலிபர்களிடம் ஒரு சாக்கு இருக்கிறது. பெரியவர்களிடம் ஒரு சாக்கு இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிடுவோம்.

வாலிபர்கள் சொல்வது: "கஞ்சா ஓர் இலைதானே? இயற்கையானதுதானே? வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே ஆராய்ந்து தீங்கில்லை என்று எழுதி வைத்தானே? கனடாவில் அனுமதித்துவிட்டார்களே?"

இயற்கையில் விளைவதெல்லாம் நல்லதென்றால் எட்டிக்காயையும் அரளி விதையையும் என்ன சொல்வது? 1893இல் அமைந்து 1894இல் ஏழு பாகங்களாக அறிக்கை தந்த இந்தியக் கஞ்சா ஆணையம், அளவோடு பயன்படுத்துவதால் பொதுவாகப் பெருங்கேடில்லை என்று எழுதியது உண்மை. அளவு மீறினால் உடலும் மனமும் கெடும் என்று எழுதியதும் அதே ஆணையந்தான். அந்தப் பக்கத்தை யாரும் படித்துக் காட்டுவதில்லை. கஞ்சாவின் மீது வரி வசூலித்த அரசாங்கம் அமைத்த ஆணையம் அது என்பதையும் மறக்கலாகாது. கனடா 2018இல் அனுமதித்தது. ஆனால் வயது வராதவருக்கு விற்பது அங்கேயும் குற்றம். தாய்லாந்து 2022இல் கட்டவிழ்த்துவிட்டு, 2025இல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மீண்டும் கட்டுப்படுத்தியது. அயல்நாட்டுச் சட்டத்தை மேற்கோள் காட்டும் வாலிபன், தான் வாழும் நாட்டின் சட்டத்தையும் தெரிந்துகொள்ளட்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, புகைப்பதற்கே 6 மாதம் வரை சிறை விதிக்கலாம். 1 கிலோ வரை வைத்திருந்தால் ஓராண்டு வரை. அதற்கு மேல் 20 கிலோவுக்குள் இருந்தால் 10 ஆண்டு வரை. 20 கிலோவுக்கு மேல் என்றால் 10 ஆண்டுக்குக் குறையாத கடுங்காவல். கூட்டாளிக்காக ஒரு பையை வாங்கி வைப்பவன், அதற்குள் எத்தனை கிலோ இருக்கிறதென்று பார்த்தா வாங்கி வைக்கிறான்?

பெரியவர்கள் சொல்வது வேறு: "கஞ்சா ஹராம், சந்தேகமில்லை. சிகரெட் மக்ரூஹ்தானே?" இந்த 'தானே' என்ற சொல்லில்தான் எத்தனை பிள்ளைகள் அழிந்தார்கள்!

கஞ்சாவைப் பற்றி நம் அறிஞர்கள் மயக்கமின்றித் தீர்ப்பளித்துவிட்டனர். 1328இல் மறைந்த இப்னு தைமிய்யாவும், 1392இல் மறைந்த இமாம் ஸர்கஷியும் ஹஷீஷைப் பற்றி விரிவாக எழுதி, போதை தருவது எதுவாயினும் மதுவின் விலக்குக்கே உட்படும் என்று நிறுவினர். ஸர்கஷி இதற்கெனத் தனி நூலே இயற்றினார். புகையிலையின் கதை வேறு. அது அமெரிக்காவிலிருந்து கிளம்பி முஸ்லிம் நாடுகளை எட்டியதே பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதன் தீமையை யாரும் அளந்து பார்த்திராத காலம் அது. ஆகவே அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. 1731இல் மறைந்த அப்துல் கனீ நாபுலுஸி அதற்கு ஆதரவாகவே எழுதினார்.

ஆனால் 1950களிலேயே இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் இருவர் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவைக் காட்டிவிட்டனர். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரே அதை அறிக்கையாக வெளியிட்டார். தீமை தெரியாதபோது சொன்ன சலுகையைத் தீமை தெரிந்தபின் பற்றிக்கொண்டிருப்பது எந்த நியாயம்? மலேசிய நாட்டின் ஃபத்வாக் குழு 1995இலேயே புகைத்தலை ஹராம் என்று அறிவித்துவிட்டது. தீர்ப்பு வழங்குவது ஆலிம்களின் பொறுப்பு. அதில் நாம் தலையிடவில்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளையின் கையில் சிகரெட்டைக் கண்டு மௌனம் சாதிக்க அந்தச் சொல்லைக் கேடயமாக ஏந்தலாகாது என்பதே நம் வாதம்.

அதற்காகத் தடியைத் தூக்கச் சொல்கிறோமா? இல்லை. உதுமானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் புகையிலைக்கு மரண தண்டனையே விதித்தார். தலைகள் உருண்டன, புகையிலை போகவில்லை. அவர் மறைந்தபின் தடையும் தளர்ந்தது. வாளால் போக்க முடியாததை வசவால் போக்க முடியுமா?

ரமலான் மாதத்தைப் பாருங்கள். பகல் முழுவதும், ஏறத்தாழ 14 மணி நேரம், புகைக்காமல் இருக்கிறார் ஒரு தகப்பனார். நோன்பு திறந்து, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்ததும் பள்ளிவாசலுக்கு வெளியே போய்ப் பற்ற வைக்கிறார். பக்கத்தில் மகன் நிற்கிறான். அந்த ஒரு காட்சி அவனுக்குக் கற்பிக்கும் பாடத்தை எத்தனை குத்பாப் பிரசங்கங்களால் அழிக்க முடியும்? 14 மணி நேரம் விட்டிருக்க முடிந்தவருக்கு மீதியும் முடியும். நோன்பு அந்த வலிமையைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அவர்தாம் அதைக் கண்டும் காணாமல் இருக்கிறார்.

சமுதாயத்தின் பிழைப்பும் இதில் கலந்திருப்பதை மறைப்பானேன்? மேலப்பாளையத்திலும் குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் நம் தாய்மார்களும் சகோதரிகளும் பீடி சுற்றி வயிறு வளர்க்கின்றனர். அந்த ஏழைப் பெண்கள் மீது நாம் குற்றம் சுமத்தவில்லை. புகையிலைத் தூளைச் சுவாசித்து இருமுகிறவர்களும் அவர்களே. வேறு தொழில் கொடுக்காமல் அவர்களைக் குறை சொல்பவன் கல்நெஞ்சன். ஆனால் பீடியிலும் சிகரெட் மொத்த வியாபாரத்திலும் செல்வம் சேர்த்தவர்கள், அந்தச் செல்வத்தில் ஒரு பங்கையேனும் வேறு கைத்தொழில் கற்பிக்கச் செலவிடக் கூடாதா?

வீட்டு வைத்தியங்கள்

பிள்ளை அகப்பட்டுக்கொண்டான் என்று தெரிந்ததும் நம் குடும்பங்கள் செய்யும் வைத்தியங்கள் மூன்று.

முதலாவது, நிக்காஹ். "ஒரு பெண்ணைக் கட்டி வைத்தால் திருந்திவிடுவான்" என்கின்றனர். யார் வீட்டுப் பெண்ணை? ஒரு நோயாளிக்கு மருந்தாக, ஒன்றுமறியாத ஒரு பெண்ணின் வாழ்வைக் கரைத்துக் கொடுக்க யார் அனுமதி தந்தார்? அவளிடமும் அவள் வாப்பாவிடமும் உண்மையை மறைத்துச் செய்யப்படும் அந்த ஒப்பந்தம் முதல் நாளிலேயே பொய்யில் அல்லவா கட்டப்படுகிறது? தலாக்கில் முடிந்தால் "அவள் அதிர்ஷ்டம்" என்று கை கழுவுகின்றனர்.

இரண்டாவது, சஃபர். "வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பிவிடுவோம், அங்கே கட்டுப்பாடு உண்டு" என்கின்றனர். அங்கே இருப்பது கட்டுப்பாடு மட்டுமா? சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தியவருக்குச் சட்டம் தூக்குத் தண்டனை விதிக்கிறது. 2023 ஏப்ரல் 26 அன்று, ஏறத்தாழ 1 கிலோ கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தை என்று தீர்ப்பான ஒரு தமிழர் அங்கே தூக்கிலிடப்பட்டார். பழக்கத்தோடு ஒரு பிள்ளையை அத்தகைய நாட்டுக்கு ஏற்றி அனுப்புவது வைத்தியமா, கைகழுவலா?

மூன்றாவது, மறைத்தல். பிள்ளை இரவெல்லாம் உறங்காமல், யாரோ தன்னைக் கண்காணிப்பதாகப் புலம்புகிறான். காதில் குரல் கேட்கிறது என்கிறான். "ஜின் பிடித்துவிட்டது" என்று தாயத்துத் தேடி அலைகின்றனர். மாதங்கள் போகின்றன, புத்தி முற்றிலும் சிதறியபின் மருத்துவரிடம் கொண்டுவருகின்றனர். ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஓதிப் பார்க்கும் அதே வாரத்தில் மருத்துவரிடமும் காட்டுங்கள் என்கிறோம். சிதைவு தொடங்கிய நாளில் வந்தவனுக்கும், இரண்டாண்டு கழித்து வந்தவனுக்கும் கிடைக்கும் பலன் ஒன்றாகாது.

மருத்துவம் தொலைவிலா இருக்கிறது? அம்பத்தூருக்கு அண்மையில், அண்ணாநகர் மேற்கு விரிவில், டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான 'ஸ்கார்ஃப்' இருக்கிறது. இந்திரா நகரில், சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய போதை மீட்பு மருத்துவமனை இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 14446 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். மருத்துவரிடம் செல்லும்போது சிகரெட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; இரண்டுக்கும் ஒருசேர வைத்தியம் கேட்க வேண்டும்.

"காட்டிக் கொடுத்ததாகிவிடுமோ, போலீசு வந்துவிடுமோ" என்று அஞ்சுகிறீர்களா? இரக்கம் அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைப் படியுங்கள். புகைத்த குற்றத்திற்கோ சிறு அளவு தொடர்பான குற்றத்திற்கோ ஆளான போதை அடிமை, தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், அவன் மீது வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால்தான் அந்தப் பாதுகாப்பு நீங்கும். அரசாங்கத்தின் சட்டம் அவனை நோயாளி என்று ஏற்கச் சித்தமாயிருக்கிறது. பெற்ற வீடு மட்டும் அவனை அவமானம் என்கிறது!

பள்ளிவாசலின் கடை

இனி ஜமாஅத்துகளுக்கு ஒரு வார்த்தை. பல மஹல்லாக்களில் பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகள் தெருவை நோக்கி இருக்கின்றன, வாடகைக்கு விடப்படுகின்றன. மேலே தொழுகை, கீழே பெட்டிக்கடை. அங்கே சிகரெட் விற்கிறதா, இல்லையா? கஞ்சா சுருட்டப் பயன்படும் வெற்றுத் தாள்கள் அந்தக் கடைகளில் தொங்குகின்றனவா, இல்லையா? 2013 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட குட்கா வகைகள் கேட்பவனுக்குப் பலகைக்கு அடியிலிருந்து வருகின்றனவா, இல்லையா? பள்ளிப் பிள்ளைகள் உதட்டுக்குள் அடக்கும் 'கூல் லிப்' என்னும் புகையிலைப் பையைப் பாதுகாப்பற்ற உணவென்று நாடு முழுவதும் ஏன் அறிவிக்கக் கூடாது என்று 2024இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுகளைக் கேட்டது. நீதிமன்றம் கேட்ட கேள்வியை முத்தவல்லி கேட்கக் கூடாதா?

"வாடகை குறைந்துவிடும்" என்பார்கள். குறையட்டும். அந்த வாடகையில் ஓடும் மின்விசிறியின் கீழ் அமர்ந்து போதையின் தீமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வதும் கேட்பதும் யாரை ஏமாற்றுவதற்கு? வக்ஃபுக் கடை எதிலும் புகையிலை விற்கலாகாது என்ற ஒரு வரியை வாடகைப் பத்திரத்தில் சேர்க்க எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை. கமிட்டியின் ஒரு கூட்டம் போதும். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்திற்குள் புகையிலை விற்பதையும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. சிறுவருக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. சட்டம் இவ்வளவு செய்திருக்க, பள்ளிவாசல் தன் சொந்தச் சுவருக்குள் இருப்பதையாவது செய்யட்டும்.

அடுத்து, விலக்கி வைக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். சிகிச்சைக்கு வரும் வாலிபனின் பெயரை வெளியிடாமல், மருத்துவமனைக்கு உடன் செல்ல ஒவ்வொரு மஹல்லாவிலும் நம்பிக்கைக்குரிய இருவர் போதும். ஜனாஸாவைத் தூக்க நூறு பேர் வருகிறோம். உயிரோடு இருப்பவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல இருவர் கிடைக்கமாட்டார்களா?

தகப்பன்மார்களே, உங்களுக்கு முதல் கடமை ஒன்று உண்டு. மகனின் சட்டைப் பையைச் சோதிப்பதற்கு முன் உங்கள் சட்டைப் பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து எறியுங்கள். தாய்மார்களே, "அத்தாவுக்குத் தெரிந்தால் அடிப்பார்" என்று மூடி மறைக்காதீர்கள். மூடிய பாத்திரத்தில்தான் புளிப்பேறும். வாலிபர்களே, உங்களைக் குற்றவாளிகள் என்று நாம் அழைக்கவில்லை. உங்கள் வேலையின் நிலையாமையையும் இரவுகளின் களைப்பையும் நாம் அறிவோம். அந்தப் புகை அவற்றுள் ஒன்றையேனும் தீர்த்ததா என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

சலுகையும் வேண்டாம், சாபமும் வேண்டாம். ஒன்றை ஒன்றென்றே சொல்லும் நேர்மையும், விழுந்தவனைத் தூக்கும் கையும் போதும். அந்த நேர்மையை நம் நாவுகளுக்கும், அந்த வலிமையை நம் கைகளுக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.